நாலு மார்க் வலி

கடிதத்தை நான்காவது முறை படித்தபோதும் அந்த வார்த்தை இடத்தை விட்டு நகரவில்லை. உளவியல் மதிப்பீடு. வருகிற செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு. ஒன்றரை மணி நேரம் ஆகும். விருப்பமிருந்தால் வீட்டிலிருந்து ஒருவரை அழைத்து வரலாம்.

இன்ஸ்பெக்டர் கடிதத்தை மடித்துச் சாப்பாட்டு மேஜையில் வைத்தார். மதிப்பீடு என்பது அவர் தொழில். இருபத்துநான்கு வருடங்களாக, கார் ஓட்ட உரிமம் கேட்டு வருகிறவர்களின் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, மடியில் அட்டையை வைத்து மார்க் போட்டவர். கிளம்புதல், சிக்னல், வளைவு, நிறுத்துதல், பின்னால் வருதல் என்று ஐந்து பிரிவு. ஒவ்வொன்றுக்கும் பத்து மார்க். ஆறு எடுத்தால் பாஸ். பெரும்பாலோருக்கு இரண்டு, மூன்றோடு கதை முடிந்துவிடும். டிரைவிங் ஸ்கூல்காரர்கள் அவருக்கு 'மார்க் கஞ்சர்' என்று பெயர் வைத்திருந்தார்கள். அது அவர் காதுக்கு வந்தபோது கோபப்படவில்லை. பெருமைப்பட்டார் என்று கூடச் சொல்லலாம்.

அப்படிப்பட்டவரை யாரோ மதிப்பிடப் போகிறார்களாம்.

"ஸ்கேன் எடுத்தாங்க. ஊசி போட்டாங்க. பட்டை கட்டினாங்க. எல்லாம் முடிஞ்சு இப்போ மண்டையைப் பார்க்கணுமாம்" என்றார் மனைவியிடம்.

மனைவி கண்ணாடிக் கடையில் வேலை பார்ப்பவர். நாள் முழுக்க வாடிக்கையாளர்களுக்கு எழுத்துப் பலகையைக் காட்டி, 'இது தெரியுதா, இது தெரியுதா' என்று கேட்டுப் பழகியதால் அவருக்குப் பொறுமை அதிகம்.

"கழுத்துக்கு மேல மண்டைதானேங்க இருக்கு. வரிசைப்படிதான் வர்றாங்க" என்றார்.

கழுத்துதான் விவகாரம். மூன்று வருடத்துக்கு முன் ஒரு தேர்வில், வண்டி நல்ல வேகத்தில் போய்க்கொண்டிருந்தபோது ஒரு பூனை குறுக்கே வந்தது. ஓட்டிய பெண் பிரேக்கில் ஏறி நின்றாள். பூனை வாலை நிமிர்த்திக்கொண்டு போய்விட்டது. அந்தப் பெண்ணும் வீட்டுக்குப் போய்விட்டாள். இன்ஸ்பெக்டரின் கழுத்து மட்டும் இன்னும் அந்த இடத்திலேயே நிற்கிறது. ஸ்கேனில் எல்லாம் ஆறிவிட்டது என்றுதான் வந்தது. வலிக்கு அந்தச் செய்தி போய்ச் சேரவில்லை. வீட்டில் ஏழு வகைத் தலையணைகள் சேர்ந்தன. அலுவலகத்தில் அவரை விண்ணப்பம் வாங்கும் கவுன்ட்டரில் உட்கார வைத்தார்கள். 'தற்காலிகமாக' என்றார்கள். அந்தத் தற்காலிகத்துக்கு இந்த மாசி வந்தால் இரண்டு வயது நிறைகிறது.

இந்த மாதக் கடைசியில் அலுவலக மருத்துவக் குழு கூடுகிறது. அவர் மறுபடி காரில் ஏறுவதா, ஓய்வு பெறும்வரை கவுன்ட்டரிலேயே முத்திரை குத்துவதா என்று அன்றைக்கு முடிவாகிவிடும். வலி சிகிச்சை மருத்துவர் ஒரு வழி சொல்லியிருந்தார். பன்னிரண்டு வாரப் பயிற்சி ஒன்று இருக்கிறது, நாள்பட்ட வலியோடு வேலைக்குத் திரும்பப் பலருக்கு உதவியிருக்கிறது. ஆனால் அதில் சேர்ப்பதற்கு முன் உளவியல் நிபுணர் ஒருமுறை பார்க்க வேண்டும்.

"பார்த்துட்டு என்ன எழுதுவாங்க தெரியுமா? எல்லாம் மனப்பிரமைன்னு எழுதுவாங்க. அதைக் குழுவுக்கு அனுப்புவாங்க. அத்தோட நம்ம சீட்டு காலி" என்றார் இன்ஸ்பெக்டர்.

"போகாம இருந்தா?"

"அப்பவும் காலி."

"அப்போ போயே காலி பண்ணிக்கலாம். நானும் லீவு போட்டுட்டு வர்றேன்."

செவ்வாய்க்கிழமை மனைவிதான் காரை ஓட்டினார். இன்ஸ்பெக்டர் பக்கத்து இருக்கையில் இரண்டு தலையணைகளுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தார். முன்னால் போன வண்டியின் சிவப்பு விளக்கு எரியும்போதெல்லாம் அவருடைய வலது கால் தரையை மிதித்தது. அங்கே பிரேக் இல்லை. இருபத்துநான்கு வருடமாக இல்லாத பிரேக்கை மிதித்தே பழகிய கால். வீட்டில் சாப்பாட்டு மேஜைக்கு அடியில் இருக்கும் விரிப்பில்கூட அந்தக் கால் மிதிக்கும் இடம் மட்டும் நூல் நூலாகத் தேய்ந்திருக்கிறது.

போகும் வழியில் மனதுக்குள் உத்தியை வகுத்துக்கொண்டார். பாஸாகிறவர்கள் என்ன செய்வார்கள் என்று அவரைவிட யாருக்குத் தெரியும்? கேட்டதை மட்டும் செய்வார்கள். வளவளவென்று பேச மாட்டார்கள். முகத்தில் எதையும் காட்ட மாட்டார்கள்.

காத்திருக்கும் இடத்தில் மனைவியை உட்கார வைத்துவிட்டு உள்ளே போனார். படுக்கவைத்துக் கேள்வி கேட்பார்கள் என்று எதிர்பார்த்திருந்தார். சோபாகூட இல்லை. ஜன்னலோரம் ஒரு பூந்தொட்டி, ஒரு கடிகாரம், மேஜையில் காகிதக் கைக்குட்டைப் பெட்டி. சாய்வு நாற்காலி ஒன்று, நிமிர்ந்த முதுகுள்ள நாற்காலி இரண்டு.

"வாங்க சார். எந்த நாற்காலி வசதியோ அதுல உட்காருங்க. நடுவுல எழுந்து நடக்கணும்னாலும் நடக்கலாம். நானே அப்பப்போ எழுந்து நிப்பேன்" என்றார் உளவியல் நிபுணர். நாற்பது வயதுக்குள் இருக்கும் பெண். குரலில் ஒரு சிரிப்பு எப்போதும் தயாராக இருந்தது.

நாற்காலியிலேயே தேர்வு ஆரம்பமாகிவிட்டது என்று இன்ஸ்பெக்டருக்குப் பட்டது. சாய்ந்தால் சோம்பேறி, நிமிர்ந்தால் வலி இல்லை. யோசித்து, நிமிர்ந்த நாற்காலியில் பாதி சாய்ந்து உட்கார்ந்தார்.

"ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி ஒரு விஷயம் சொல்லிடணும். பதினோரு வருஷத்துக்கு முன்னாடி நீங்க என்னை ஃபெயில் பண்ணியிருக்கீங்க சார்."

இன்ஸ்பெக்டரின் கால் தரையை அழுத்தியது.

"ஒரு தடவையா?"

"மூணு தடவை."

எங்கேயோ ஒரு கதவு சாத்தப்படுவது போல இருந்தது அவருக்கு. எத்தனையோ ஆயிரம் பேரைத் திருப்பி அனுப்பியவர். அதில் ஒருத்தர் இப்படி எதிர் நாற்காலியில் வந்து உட்காருவார் என்று அட்டையில் எந்தப் பிரிவிலும் போட்டிருக்கவில்லை.

"எனக்கு அதுல வருத்தம் ஒண்ணும் இல்ல. ஆனா உங்களுக்குச் சங்கடமா இருந்தா வேற ஒருத்தர் உங்களைப் பார்ப்பார். அது உங்க உரிமை. அவர்கிட்ட அஞ்சு வாரம் கழிச்சுத்தான் நேரம் கிடைக்கும்."

ஐந்து வாரம் என்றால் குழு கூடி, முடிவெடுத்து, டீ குடித்துவிட்டுக் கலைந்திருக்கும். இன்ஸ்பெக்டர் தொண்டையைச் செருமினார்.

"என்ன வண்டி?"

"மஞ்சள் கலர். சின்னது."

"ரிவர்ஸ்ல கண்ணாடியே பார்க்காம வந்தது. மூணு தடவையும்." முகம் அவருக்கு ஞாபகம் வரவில்லை. கார் வந்துவிட்டது.

"அதே வண்டிதான்" என்று உளவியல் நிபுணர் சிரித்தார். "இருக்கீங்களா, போறீங்களா?"

"இருக்கேன்."

"நல்லது. இங்க பாஸும் இல்ல, ஃபெயிலும் இல்ல. உங்க வலி நிஜமான்னு கண்டுபிடிக்க நான் உட்காரல. அது நிஜம்னு எனக்குத் தெரியும். வலி உங்க தூக்கத்தை, வேலையை, வீட்டை, மனசை என்ன பண்ணி வச்சிருக்குன்னு நாம ரெண்டு பேரும் சேர்ந்து பார்க்கப் போறோம். நான் என்ன எழுதறேனோ அதை உங்களுக்குப் படிச்சுக் காட்டாம யாருக்கும் அனுப்ப மாட்டேன்."

ஒவ்வொரு தேர்வுக்கு முன்னும் 'பதற்றப்படாம ஓட்டுங்க' என்று இவரும்தான் சொல்லியிருக்கிறார். அதற்கு எவ்வளவு மதிப்பு என்று தெரியும். உத்தியை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

"தூக்கம் எப்படி?"

"வருது."

"எங்க தூங்குறீங்க?"

"நாற்காலில."

"எவ்வளவு நாளா?"

"ரெண்டு வருஷம்."

"மனசு?"

"இருக்கு."

"முன்னாடி செஞ்சு இப்போ விட்டுட்ட காரியம் ஏதாவது?"

"நீச்சல். சினிமா. கல்யாணத்துக்குப் போறது. சாவுக்குப் போறது."

உளவியல் நிபுணர் எழுதுவதை நிறுத்தினார். பக்கத்தில் இருந்த கோப்பைப் புரட்டினார். கனமான கோப்பு. முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை விரலை ஓட்டிவிட்டு, நிமிர்ந்து இன்ஸ்பெக்டரைப் பார்த்தார்.

"மூணு வருஷத்துல பதினேழு தடவை உங்ககிட்ட வலியைப் பத்துக்கு எவ்வளவுன்னு கேட்டிருக்காங்க. பதினேழு தடவையும் நாலுன்னு சொல்லியிருக்கீங்க."

"ஆமா. மாத்திப் பேசற பழக்கம் நமக்கு இல்ல."

"நாலுன்னா ரொம்பப் பேருக்கு நடுத்தரம். மாத்திரை போட்டுட்டு வேலைக்குப் போயிடுவாங்க." அவர் கோப்பைத் திருப்பி ஒரு வரியைக் காட்டினார். "இங்க ஒருத்தர் என்ன எழுதியிருக்கார் பாருங்க."

'வலி அதிகமில்லை. பணிக்குத் திரும்ப ஆர்வமில்லாதவராகத் தெரிகிறது' என்று இருந்தது.

இன்ஸ்பெக்டர் அந்த வரியைப் பார்த்துக்கொண்டே இருந்தார். இருபத்துநான்கு வருடத்தில் அவர் எடுத்த விடுப்பு நாட்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். காது மடல் சூடாகியது. முகத்தில் எதையும் காட்டக் கூடாது என்ற உத்தி, அந்த வரியோடு போய்விட்டது.

"நான் ஆர்வமில்லாதவனா?"

"அதைத்தான் நானும் யோசிக்கறேன். ரெண்டு வருஷமா நாற்காலில தூங்குற ஒருத்தருக்கு எப்படி நாலு இருக்கும்? சார், மூணாவது தடவை எனக்கு ரிவர்ஸுக்கு என்ன மார்க் போட்டீங்க, தெரியுமா?"

"சொல்லுங்க."

"நாலு. நான் வண்டில உட்கார்ந்து அழுதேன். அப்போ உங்க ஆபீஸ் கவுன்ட்டர்ல இருந்தவர் வந்து, 'எதுக்கும்மா அழறே, அவர்கிட்டயே நாலு வாங்கியிருக்கே, நீ நல்லா ஓட்டுறேன்னு அர்த்தம்'னு சொன்னார்." அவர் பேனாவைக் கீழே வைத்தார். "உங்க கணக்குல பத்து யாருக்கு?"

"பத்து யாருக்கும் கிடையாது."

"ஒன்பது?"

"அது எனக்கு வேலை கத்துக்கொடுத்த அதிகாரிக்கு. அவரும் ரிட்டயர்டு."

"எட்டு?"

"நான் ஓட்டினா எட்டு. நல்லாத் தூங்கி எழுந்த அன்னைக்கு."

"ஏழு?"

"ஒரே ஒரு ஆம்புலன்ஸ் டிரைவருக்குப் போட்டிருக்கேன்."

"அப்போ வலிக்கு நாலுன்னா?"

இன்ஸ்பெக்டரின் கை கழுத்துக்குப் போனது.

"நாலுன்னா... தாங்க முடியல. ஆனா வண்டி ஓடுது."

உளவியல் நிபுணர் சிரிப்பை அடக்க உதட்டைக் கடித்துக்கொண்டார். இன்ஸ்பெக்டர் அதைப் பார்த்தார். அவருக்கே தோள் குலுங்க ஆரம்பித்தது. இரண்டு பேரும் சேர்ந்து சிரித்தார்கள். சிரித்ததில் கழுத்து வலித்தது. அதற்கும் சிரித்தார்.

"இதை யாரும் என்கிட்ட கேட்கவே இல்லையே" என்றார் கண்ணைத் துடைத்துக்கொண்டு.

"நீங்களும் சொல்லலையே."

"எப்படிச் சொல்றது? பத்துன்னா, நினைச்சுப் பார்க்கக்கூடிய மோசமான வலின்னு சொன்னாங்க. நான் ரோட்டுல பார்த்தவன். விபத்துல கால் நசுங்கி, ஆம்புலன்ஸ் வர்ற வரைக்கும் என் கையைப் பிடிச்சிட்டிருந்த ஆளைப் பார்த்திருக்கேன். அவருக்குப் போட வேண்டிய மார்க்கை நான் எப்படி எடுத்துக்கறது?"

உளவியல் நிபுணர் எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றார். இன்ஸ்பெக்டரும் எழுந்து நின்றார். கழுத்துக்கு அது சுகமாக இருந்தது.

"இது போட்டித் தேர்வு இல்ல சார். நீங்க அதிகம் போட்டுக்கிட்டா அவருக்குக் குறையப் போறதில்ல. இங்க ஒரே ஒரு பேப்பர்தான். அது உங்களோடது."

ஒரு புதுத் தாளை நீட்டினார். பூஜ்யத்திலிருந்து பத்து வரை ஒரு கோடு. வழக்கமான நாள், மோசமான நாள், இந்த நிமிடம் என்று மூன்று கட்டம். இன்ஸ்பெக்டர் சட்டைப் பையிலிருந்து சொந்தப் பேனாவை எடுத்தார். தாளை மடியில் வைத்துக்கொண்டார். மார்க் போடும்போது மற்றவர் பார்வை படாதபடி இடது கையால் மறைப்பது அவர் வழக்கம். இப்போதும் மறைத்தார். எழுதினார். கை தானாக நான்கை நோக்கிப் போனதை ஒருமுறை பிடித்து நிறுத்த வேண்டியிருந்தது.

வழக்கமான நாள் ஏழு. மோசமான நாள் ஒன்பது. இந்த நிமிடம் ஆறு.

அந்தத் தாளைக் கொடுத்த பிறகு பேச்சு தடையில்லாமல் வந்தது. பூனையைப் பற்றிச் சொன்னார். இல்லாத பிரேக்கை மிதிக்கும் காலைப் பற்றிச் சொன்னார். டி.வி.யில் கார் வேகமாக வந்தால்கூடக் கழுத்து இறுகிவிடுவதைச் சொன்னார். மறுபடி காரில் ஏற ஆசையும் பயமும் சமமாக இருப்பதைச் சொன்னார். இதை அவர் மனைவியிடம்கூடச் சொன்னதில்லை.

"பழைய காருக்குத் திருட்டு அலாரம் மாட்டியிருப்பாங்க, பார்த்திருக்கீங்களா?"

"இலை விழுந்தாக் கத்தும்."

"அதேதான். அலாரம் பொய்யில்ல. சத்தம் நிஜம். திருடன் போய் மூணு வருஷம் ஆச்சுன்னு அதுக்குத்தான் யாரும் சொல்லல. உங்க உடம்பு எப்பவும் அடுத்த பூனைக்குத் தயாரா இருக்கு. தசை இறுகினா வலி, வலிச்சா இன்னும் இறுக்கம். பயிற்சில இதைத்தான் மெதுவாத் தளர்த்துவோம். வலி மொத்தமாப் போயிடும்னு நான் சொல்ல மாட்டேன். உங்க வாழ்க்கைல அது பிடிச்சு வச்சிருக்கிற இடம் குறையும். அதுக்கு நாம முயற்சி பண்ணலாம்."

வண்டியின் பாஷையில் சொன்னதால் விஷயம் நேராக உள்ளே போய் உட்கார்ந்தது.

கடைசி இருபது நிமிடத்துக்கு மனைவியையும் கூப்பிட்டார்கள். வீட்டில் இருப்பவர் கண்ணுக்கு என்ன படுகிறது என்று கேட்பதும் வழக்கமாம்.

"நல்லா இருக்கிற நாள்ல ஒரே மூச்சுல காரைக் கழுவி, ஜன்னலைத் துடைச்சு, பரண் மேல ஏறிடுவார். அப்புறம் மூணு நாள் எழுந்திருக்க மாட்டார். என்னங்க, சரிதானே?" என்றார் மனைவி.

"சரிதான்" என்று ஒப்புக்கொண்டார் இன்ஸ்பெக்டர்.

"அது ரொம்பப் பேர் பண்றது. அதுக்கும் பயிற்சி இருக்கு" என்று உளவியல் நிபுணர் குறித்துக்கொண்டார். அப்போதுதான் மனைவியின் பார்வை மேஜையில் இருந்த தாளின் மீது விழுந்தது. தூரத்து எழுத்தைப் படிப்பது அவர் தொழில்.

"இது இவர் போட்ட மார்க்கா?"

"ஆமாம்மா."

"ஏழா? இருபத்தாறு வருஷமா என் சமையலுக்கே ஆறுக்கு மேல போட்டதில்லையே இந்த மனுஷன்." சிரித்துக்கொண்டு ஆரம்பித்த வாக்கியம் முடிவதற்குள் குரல் தழைந்துவிட்டது. "நாலுதானேன்னு நினைச்சேங்க. போன மாசம் மெத்தையைத் திருப்பிப் போடச் சொன்னேனே. கடைலேர்ந்து மூட்டையைத் தூக்கிட்டு வரச் சொன்னேனே. எல்லாம் நாலுதானேன்னுதான்."

காகிதக் கைக்குட்டைப் பெட்டி எதற்காக அங்கே இருக்கிறது என்று இன்ஸ்பெக்டருக்குப் புரிந்தது. ஒன்றை உருவி மனைவியிடம் கொடுத்தார்.

"நீ தப்பாப் படிக்கல. நான்தான் தப்பா எழுதியிருந்தேன்" என்றார்.

உளவியல் நிபுணர் குறிப்பைப் படித்துக் காட்டினார். இவர் முன்பு கொடுத்த எண்களைச் சாதாரண அளவுகோலில் வைத்துப் படிக்கக் கூடாது என்பதற்குக் காரணத்தோடு ஒரு பத்தி. பணிக்குத் திரும்ப ஆர்வம் மிக அதிகம் என்று ஒரு வரி. அடுத்த மாதம் தொடங்கும் பன்னிரண்டு வாரப் பயிற்சிக்குப் பரிந்துரை. பயிற்சி முடியும்வரை முடிவைத் தள்ளிவைக்கும்படியும், பிறகு நாளுக்கு அரை மணி நேரத்திலிருந்து படிப்படியாகக் காரில் உட்கார வைக்கும்படியும் மருத்துவக் குழுவுக்குக் கோரிக்கை.

"குழு ஒத்துக்குமா?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"பரிந்துரைதான் என் வேலை, தீர்ப்பு அவங்களோடது. ஆனா இதுவரைக்கும் அவங்க கையில இருந்தது நாலு. இனிமே ஏழு."

"மறுபடி படிங்க. ஆர்வம் எவ்வளவுன்னு போட்டிருக்கீங்க?"

"மிக அதிகம்."

"இன்னொரு தடவை."

"போதும் வாங்க" என்று மனைவி கையைப் பிடித்து எழுப்பினார்.

வாசல்வரை வந்த பிறகு இன்ஸ்பெக்டர் திரும்பினார். கழுத்தைத் திருப்ப முடியாததால் முழு உடம்போடு திரும்பினார்.

"கடைசில லைசென்ஸ் யார்கிட்ட வாங்கினீங்க?"

"உங்ககிட்டதான். நாலாவது தடவை. ஆறு போட்டீங்க."

"அப்போ சரியாத்தான் ஓட்டுவீங்க" என்றார். மனதார.

வண்டி நிறுத்துமிடத்தில் மனைவி தன் இருக்கையில் உட்கார்ந்து பெல்ட்டை மாட்டினார். இன்ஸ்பெக்டர் இரண்டு தலையணைகளில் ஒன்றைப் பின் இருக்கைக்கு அனுப்பினார். உளவியல் நிபுணர் ஒரு சின்ன வேலை கொடுத்திருந்தார். வீடு போய்ச் சேரும்வரை வலது பாதத்தைத் தரையில் தட்டையாக, தளர்வாக வைத்திருக்க வேண்டும். மிதிக்கத் தோன்றினால் மூச்சை மெதுவாக வெளியே விட வேண்டும். அவ்வளவுதான்.

மனைவி கண்ணாடியைப் பார்த்தார். திரும்பியும் பார்த்தார். ஒரு தூணுக்கும் ஒரு வேனுக்கும் நடுவிலிருந்து வண்டி வெண்ணெயில் கத்தி போல வழுக்கிக்கொண்டு பின்னால் வந்தது. இன்ஸ்பெக்டர் மூச்சை விட்டார். பாதம் அசையவில்லை. பாதத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தவர் தன்னையறியாமல் சொன்னார்.

"ஏழு."

"என்ன ஏழு?"

"நீ ரிவர்ஸ் எடுத்தது."

மனைவியின் கால் சட்டென்று பிரேக்கில் இறங்கியது. வண்டி குலுங்கி நின்றது. நடந்து போகிறவர்கள்கூட முந்திக்கொள்ளும் வேகம்தான். இருந்தாலும் மனைவிக்கு உயிரே போய்விட்டது.

"ஐயோ, என்னங்க, கழுத்து எப்படி இருக்கு?"

இன்ஸ்பெக்டர் கண்ணை மூடி, கழுத்தை நேர்மையாக விசாரித்தார்.

"நாலு."

மனைவியின் முகம் போன போக்கைப் பார்த்து அவசரமாகச் சேர்த்துக்கொண்டார்.

"புதுக் கணக்குல. நீ வண்டியை எடு."